பத்தடிக் கோட்டைத் தாண்டிய வண்டி

"எங்க வீட்டுக்காரர் குத்தத்தை ஒத்துக்கிட்டார் மேடம். அதான் ஓடி வந்தேன். அவர் பொய் சொல்றார்."

இப்படி ஒரு வழக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது, நான் சிரித்துவிட்டேன். பதினாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காமலே எடுத்தேன் என்று சாதிக்கிற ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று அடம்பிடிக்கிற ஆளைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அக்கா சிரிக்கவில்லை. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, எனக்குச் சம்பளம் கொடுப்பவர். லாரிகளை எடை போடும் மேடையில் இருபது வருஷம் உட்கார்ந்து, மணலுக்கு அடியில் எவன் எதை ஒளித்திருக்கிறான் என்று சக்கரத்தைப் பார்த்தே சொல்லி, ஊர்ப்பட்ட விரோதிகளைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு துப்பறியும் நிலையம் தொடங்கியவர். துப்பாக்கியெல்லாம் கிடையாது. ஒரு பை உண்டு. அதில் டேப்பு, கயிறு, சாக்கட்டி, ஒரு ஸ்பிரிங் தராசு, இரண்டு இரும்பு எடைக்கல். பையைச் சுமப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்திருந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஒரு பக்கம் பேச, கை ஒரு பக்கம் வேலை செய்தது. கோணலாகத் தொங்கிய காலண்டரை நிமிர்த்தினார். பேனாக்களை உயரவாரியாக அடுக்கினார். அப்புறம் எங்கள் மேஜைத் துணியை ஒரே உதறாக உதறிப் புரட்டிப் போட்டார். "இந்தப் பக்கம் பளிச்சுனு இருக்கு பாருங்க!" மூன்று மாதமாக நான் பாடுபட்டு உண்டாக்கிய டீக்கறை அத்தனையும் அடியில் போய்விட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்தவர் மேஜையில் இவருக்கு என்ன வேலை?

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் அக்கா.

கதை இதுதான். அந்த அம்மாளின் அண்ணன் நிலைக்கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே சரக்கு ஏற்றி இறக்குவது அந்த அம்மாளின் கணவர். பட்டறைத் தளம் மேலே, சரக்குக் கூடம் நாலடி கீழே. நடுவில் இரும்புச் சரிவு. பெட்டி அடுக்கிய தள்ளுவண்டியைச் சரிவின் தலைப்பில் கொண்டுவந்து கையை எடுத்துவிட்டு "வண்டி வருது!" என்று ஒரு கத்தல். கூட யாரும் போவதில்லை. அது தானாக இறங்கி, கீழே விரித்திருக்கும் நீளமான நார் விரிப்பில் ஏறி, பத்தடி ஓடி நின்றுவிடும். நிற்கிற இடத்துக்கு நேராகச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. பதினெட்டு வருஷத்தில் எந்த வண்டியும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

திங்கட்கிழமை தாண்டிவிட்டது. கோட்டுக்கு எட்டடி தள்ளி, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்காகச் செய்த ஆளுயரக் கண்ணாடி நின்றிருந்தது. வாங்க வந்தவர் அதில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்தது, மீசைக்காரர் குதித்தார், கண்ணாடி போயிற்று.

"நான் எத்தனையோ தடவை கேட்டுட்டேன் மேடம். 'அதிகமா ஏத்திட்டேன், விடு'ங்கறார். சாப்பிடும்போது ஒரு கரண்டி கூட வெச்சாலே திருப்பி எடுத்து வைக்கிற மனுஷன்! அவரா அதிகமா ஏத்துவாரு? அன்னிக்கு மத்தியானம் நான்தான் சாப்பாடு கொண்டு போனேன். நல்லா சிரிச்சிட்டுதான் இருந்தார்." அடுக்கிய பேனாவில் ஒன்றை எடுத்து மறுபடி வைத்தார். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு சங்கு ஊதினதும் வேலைய விட்டு நிறுத்துற கடிதாசி. அண்ணன் கையெழுத்தே போட்டாச்சு. அப்படி மட்டும் நடந்தா அண்ணன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்குன்னு இருக்கிறது இந்த ரெண்டு பேர்தான் மேடம். யார் பக்கம் நிக்கிறது?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணையும், அப்படியே எங்கள் மேஜை விளிம்பையும் துடைத்தார்.

அக்கா மணி பார்த்தார். மூன்றே கால். "கண்டக்டர், பைய எடு."

* * *

பட்டறை முதலாளி நல்ல பருமன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சரக்குக் கூடத்தின் ஓரத்தில் ஒரு கால் குட்டையான மேஜை. அவர் அதில் கை ஊன்றும்போதெல்லாம் அது தடக்கென்று ஆடியது.

"துப்பறியிறதுக்கு என்னம்மா இருக்கு? அவனே ஒத்துக்கிட்டான். மாப்பிள்ளைங்கிறதுக்காகப் பதினெட்டு வருஷம் வாயத் திறக்காம இருந்தேன். இனிமே முடியாது. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு."

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பயில்வான்'. ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

"நான்தான் மேடம். பாரம் அதிகமா ஏத்திட்டேன். அதான் வண்டி கூடுதலா ஓடிடுச்சு."

"எவ்வளவு அதிகம்?"

"ரெண்டு மடங்கு."

"சரி, பாத்துடலாம்," என்றார் அக்கா. "மொதல்ல காலி வண்டிய விடுங்க."

பயில்வான் மேலே போனார். சரிவின் தலைப்பில் தூசிக்காகக் கனமான ரப்பர்த் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் நிற்பவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. "வண்டி வருது!" என்ற குரல் கேட்டது. வண்டி திரையை விலக்கிக்கொண்டு இறங்கி, விரிப்பில் ஏறி, கரகரவென்று பத்தடி ஓடி, கோட்டுக்கு நேராகச் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

"இப்ப பாரத்தோட. நூறு கிலோ வேணும். வண்டி இருபது. மிச்சம் எம்பது." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். எடை மேடைக்காரியின் பார்வை அது. அந்தப் பார்வைக்கு நான் எப்போதும் பயப்படுவேன்.

"அக்கா, வேண்டாம்."

"எம்பதுதானே நீ?"

"எழுபத்தெட்டு!"

"பைய மடியில வெச்சுக்கோ. ரெண்டும் சேந்து சரியாயிடும்."

ஒரு குடும்பஸ்தனை இரும்புச் சரிவில் உருட்டிவிடுவது சட்டப்படி என்ன குற்றம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. திரை முகத்தில் அறைந்தது. கண்ணை மூடி, கும்பிடக்கூடக் கை இல்லாமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கரகர சத்தம் கேட்டது. நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் சிவப்புக் கோடு. காலி வண்டி நின்ற அதே இடம், ஒரு விரற்கடை முன்பின் இருக்கலாம்.

முதலாளி பேய்முழி முழித்தார். "அதெப்படி? கனமான வண்டி அதிகமா ஓடணுமே?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. பாரம் அஞ்சு மடங்கானா சரிவு குடுக்கிற சக்தியும் அஞ்சு மடங்கு, வாஸ்தவம். ஆனா விரிப்பு பிடிக்கிற பிடியும் அஞ்சு மடங்காயிடுது. கனம் ஏறினா சக்கரம் இன்னும் அழுந்துதுல்ல? ரெண்டும் சரிக்குச் சரி. யானைய ஏத்தினாலும் பத்தடிதான்." அக்கா பயில்வான் பக்கம் திரும்பினார். "அதனால நீங்க சொல்ற காரணம் பொய். ஏத்தியிருந்தாலும் அதனால ஒடையல."

பயில்வானின் முகம் வாடியது. நிரபராதி என்று சொன்னதற்கு வாடிய முகத்தை அன்றுதான் பார்த்தேன். அடுத்த நொடியே பிரகாசமானார்.

"அப்ப, தள்ளிவிட்டேன் மேடம்! ஆமா. கையெடுத்து விடாம, பலமா ஒரு தள்ளு தள்ளிட்டேன்."

"என்னங்க நீங்க!" என்று மனைவி அலறினார். "உங்களுக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"பாத்தீங்களா!" என்று முதலாளி குதித்தார். "தள்ளியிருக்கான். ரெண்டு மடங்கு வேகத்துல வந்திருக்கும்!"

"ரெண்டு மடங்கு வேகம்னா நாலு மடங்கு தூரம் போயிருக்கும் சார்," என்று நான் புகுந்தேன். இது எனக்குத் தெரியும். எங்கள் டிரைவர் முப்பதில் வந்து பிரேக் போட்டால் ஸ்டாப்பிலேயே நிற்பார். அறுபதில் வந்து போட்டால் நிழற்குடை, பெட்டிக்கடை எல்லாம் தாண்டிப் போய் நிற்பார். பயணிகள் திட்டுவது என்னைத்தான். "நாப்பதடி ஓடி, கண்ணாடிய மட்டுமில்ல, பின்னாடி சுவரையும் இடிச்சிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற தலையாட்டல் அது. பிறகு தராசின் கொக்கியை வண்டியில் மாட்டி, அதில் என்னை உட்காரவைத்தபடியே விரிப்பின்மேல் மெல்ல இழுத்தார். முள் நாற்பது கிலோவில் நின்றது.

"விரிப்போட பிடி நாப்பது. ஓடின தூரம் பத்தடி. பெருக்கினா நானூறு. மேல நூறு கிலோ, நாலடி உயரம். அதையும் பெருக்கினா நானூறு. சரிவு குடுத்த கடனை விரிப்பு பைசா பாக்கியில்லாம வசூல் பண்ணிடுது. பள்ளிக்கூடத்துல இயக்க ஆற்றல்னு எழுதிப் போடுறது இதைத்தான். இப்ப கண்ணாடி வரைக்கும் பதினெட்டடி. நாப்பதை அதால பெருக்கினா எழுநூத்தி இருபது. மிச்சம் முன்னூத்தி இருபதை பயில்வான் தள்ளித்தான் குடுத்திருக்கணும். கண்டக்டர், மேல தள்ளுறதுக்கு எடம் எவ்வளவுன்னு அளந்து வா."

பையையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே வண்டியில் சரக்கு ஏற்றும் இடத்துக்கும் சரிவின் விளிம்புக்கும் நடுவில் சரியாக இரண்டடி. பின்பக்கம் சுவர்.

"ரெண்டடி அக்கா!"

"ரெண்டடிக்குள்ள முன்னூத்தி இருபது. அப்ப நூத்தி அறுபது கிலோவ அந்தரத்துல தூக்குற பலத்தோட தள்ளணும்." அக்கா பயில்வானின் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். அந்தக் கை வெட்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் போனது. "இவர் தள்ளல."

"நான்தான் தள்ளினேன்," என்றார் பயில்வான் அழாக்குறையாக.

"நீங்க ஒத்துக்கலாம். கணக்கு ஒத்துக்கலையே."

மணி நாலரை. அக்கா யோசனையில் இறங்கிவிட்டார். நான் பையைப் பிடித்தபடி விரிப்பின்மேல் நின்றேன். அக்கா யோசிக்கும்போது பையைக் கீழே வைத்தால் எடைக்கல் இடித்துச் சத்தம் வரும், அவருக்குப் பிடிக்காது. கால் மணி நேரம் போயிற்று.

"அக்கா, தோள்பட்டை கழண்டு விழுது. உங்களுக்காக எவ்வளவு வேலை செய்யிறேன் தெரியுமா?"

"பை நகந்துச்சா?"

"இல்ல."

"பலத்தை தூரத்தால பெருக்கினாத்தான் வேலை. நகரலேன்னா கணக்குப்படி நீ செஞ்ச வேலை பூஜ்யம்."

வயிற்றெரிச்சலில் காலை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். காலுக்கடியில் நறுக்கென்றது.

அக்கா விருட்டென்று திரும்பினார். "இன்னொரு தடவை மிதி."

மிதித்தேன். நறநறவென்றது. அக்கா குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அடியில், தரையிலும் விரிப்பின் வழவழப்பான ரப்பர் முதுகிலும், பொடிப்பொடியாகக் கண்ணாடிச் சில்லுகள் மின்னின. மேற்பக்கத்து நாரில் ஒன்றுகூட இல்லை.

"கண்ணாடி விரிப்பு மேலதானே சார் ஒடைஞ்சுது?"

"ஆமா," என்றார் முதலாளி.

"சில்லு எப்படி அடியில போச்சு?"

அக்கா விரிப்பை முழுசாகப் புரட்டிப் போடச் சொன்னார். ரப்பர்ப் பக்கம் மேலே வந்தது. அழுக்கே இல்லாமல் புத்தம்புதுசாக இருந்தது. சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, என்னை மறுபடி வண்டியில் ஏற்றி, தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். முள் பதினாறில் நின்றது.

"பதினாறு! நானூறு தீரணும்னா இருபத்தஞ்சடி ஓடணும். கண்ணாடி இருந்தது பதினெட்டுல. கண்ணாடி இருந்த எடத்துல சாக்குமூட்டைய அடுக்குங்க. கண்டக்டர், மேல போ."

"அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க..."

"மூட்டை மெத்துனுதான் இருக்கும்."

மெத்தென்று இல்லை. இந்தத் தடவை கரகர சத்தமே வரவில்லை. சிவப்புக் கோடு பக்கத்தில் வந்தது, போயிற்று. அடுத்து என் மூக்கு மூட்டைக்குள் இருந்தது. உள்ளே மரத்தூள். தும்மிக்கொண்டே எழுந்தபோது அக்கா பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

"திங்கக்கிழமை யாரோ விரிப்ப சுத்தமான பக்கம் மேல வர்ற மாதிரி புரட்டியிருக்காங்க. அதனால பிடி கொறைஞ்சுது, கண்ணாடி ஒடைஞ்சுது. ஒடைஞ்சப்புறம் இன்னொருத்தர் யாருக்கும் தெரியாம பழையபடி திருப்பிட்டாங்க." பேச்சு அங்கே தடுக்கியது. அக்காவின் பார்வை, ஆடுகிற மேஜைமேல் இருந்த ரசீதுகளை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கையின்மேல் விழுந்தது. எனக்கும் எங்கள் மேஜைத் துணி நினைவுக்கு வந்தது. ஐயையோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சரி. பயில்வான் பாரம் ஏத்தல, தள்ளல. அது போதும். பைய எடு கண்டக்டர், கெளம்பலாம்."

"அதெப்படி?" முதலாளி வழியை மறித்தார். "புரட்டினது யாரு?"

"நான்தான் மச்சான்," என்றார் பயில்வான் சட்டென்று. "திருப்பினதும் நான்தான். புரட்டினதும் நான்தான்."

"நீங்க எதுக்குங்க புரட்டப் போறீங்க?" என்று மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் எத்தனை பொய்தான் சொல்வீங்க? அத புரட்டிப் போட்டது நான்! சாப்பாடு கொண்டு வந்தப்ப, ஆளுங்க வர்ற நேரத்துல இவ்வளவு அழுக்கா இருக்கேன்னு நான்தானே புரட்டினேன்? அண்ணன்கூட, இப்பத்தான் கூடம் லட்சணமா இருக்குன்னு..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கையிலிருந்த ரசீதுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, விழுந்ததை அவர் குனிந்து எடுக்கவில்லை.

முதலாளி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "லட்சணமா இருக்குன்னு... நான் சொன்னேன்தான்." பிறகு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, உனக்குத் தெரியுமா?"

"கீழ வந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு மச்சான். நீங்க அந்த மீசைக்காரர வழியனுப்பப் போனீங்க. அந்த நேரத்துல திருப்பிட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

பயில்வான் தலையைச் சொறிந்தார். "சொன்னா உங்க தங்கச்சியத் திட்டுவீங்க. அவ தாங்க மாட்டா. உங்க பேருல அவளுக்கு உசுரு. என்னைத் திட்டினா பரவால்ல மச்சான், பதினெட்டு வருஷமா பழகிப்போச்சு."

அந்த அம்மாள் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே கணவரின் தோளில் ஒரு அடி போட்டார். அடித்த கையாலேயே அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். முதலாளி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிச் சங்கு ஊதியது. முதலாளி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். அவர் அதை நாலாக, எட்டாக மடித்தார். சிரமப்பட்டுக் குனிந்து, மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். கை ஊன்றிப் பார்த்தார். மேஜை ஆடவில்லை.

"நாளைக்கு வரும்போது நாலு ஆணி கொண்டு வா மாப்பிள்ளை," என்றார். "விரிப்ப அடிச்சு விட்டுருவோம். இவ கை சும்மா இருக்காது."

* * *

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். மூக்கு எரிந்தது, தோள் கடுத்தது. ஆனாலும் ஒன்று மட்டும் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"அந்த மனுஷன் மூணு நாளா அவ்வளவு பழியையும் சுமந்துக்கிட்டு நின்னாரே. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு அங்குலம் நகரல. உங்க கணக்குப்படி அதுவும் பூஜ்யம்தானா?"

ஸ்டாப் வந்ததும் அக்கா கையை நீட்டி, என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என்ன அக்கா?"

"பேசாம நில்லு."

பஸ் வரப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. பழைய கண்டக்டர் நான், நேரம் தப்பாது. அதுவரைக்கும் அக்கா பையைக் கீழே வைக்கவே இல்லை.